போத்தல் அன்ரியின் போறணை

ஒரு சொட்டும் குடிக்காமல் ஓர் ஊரின் குடி முழுவதையும் அறிந்து வைத்திருந்த மனுசி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஒழுங்கைப் போத்தல் அன்ரி.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது தேவைப்படவில்லை. திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் பாதையில் திரும்பி, வேலிக்கு மேலால் போத்தல் குவியல் தெரியும் வளவில் யாரைக் கேட்டாலும் அவர்தான் வெளியே வருவார். கடற்கரை ஹோட்டல்கள் எறியும் போத்தல்களையும் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளையும் சேர்த்துக் கழுவி, வெட்டி, பின்கொட்டிலில் இருந்த மின்சாரப் பெட்டிக்குள் வைத்து உருக்குவார். தட்டு, கிண்ணம், சுவரில் தொங்கவிடும் மீன் என்று அழகழகாக வெளியே வரும். பேக்கரியில் பாண் சுடுகிற அடுப்பைச் சொல்வது போல, அந்தப் பெட்டியையும் போறணை என்றே சொல்லுவார். அதனால் வந்த வினை கொஞ்சமல்ல. பாலையூற்றிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருவர் காலையிலேயே படலையைத் தட்டினார்.

"அன்ரி, சூடா ரெண்டு றாத்தல் பாண் தாங்கோ."

"பாண் இல்லைத் தம்பி. பச்சைப் போத்தல்தான் வேகுது. நாளைக்கு ஆறினாப்பிறகு வாங்கோ."

மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒழுங்கையில் குடிப்பதே இல்லை என்று பேர் எடுத்த ஆண்கள் எல்லோரும், பொழுதுபடக் கடதாசியில் சுற்றிய பொதியோடு அந்தப் படலையில் நிற்பார்கள்.

"வீட்டுக்கு வந்த ஒரு ஆள் விட்டிட்டுப் போனது, அன்ரி."

அன்ரி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "அந்த ஆள் அடிக்கடி வாறார் போல. ஒரே வகையாக் குடிக்கச் சொல்லுங்கோ. வகை மாறினதை ஒண்டாப் போட்டால் ஆறேக்க வெடிச்சுப்போம்."

அவர்களுடைய மனைவிமார் வந்து எவ்வளவோ நைசாகக் கேட்டும் ஒருவரையும் அவர் காட்டிக்கொடுத்ததில்லை.

ஒருமுறை பொலிசும் வந்தது. வளவு நிறையப் போத்தல், கொட்டிலுக்குள் கொதிக்கிற பெட்டி. கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், காய்ச்சுகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பெட்டியைத் திறவுங்கோ" என்றார் கொன்ஸ்தாபிள்.

"ஏலாது. இப்ப திறந்தால் உள்ளுக்க இருக்கிறது எல்லாம் வெடிக்கும்."

அந்தக் கடைசிச் சொல் போதும். வந்தவர்கள் படலை வரைக்கும் பின்வாங்கிவிட்டார்கள். அடுத்த நாள் அன்ரியே கூப்பிட்டுத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகக் கண்ணாடி மீன்கள். கொன்ஸ்தாபிள் மகளுக்கென்று ஒன்றைப் பத்திரமாகத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். அன்ரி இப்போது மகளோடு மட்டக்களப்பில் இருக்கிறார். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது சிரிப்பு இல்லை.

வெள்ளம் வந்து வடிந்த காலம். நானும் என் வீட்டுக்கு வந்த 'ஆள்' விட்டுப்போன போத்தல்களோடு அங்கே நின்றேன். இலங்கைத்துறையிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு படம். கடலுக்குப் போய்த் திரும்பி வராத மகனின் படம் அது. வெள்ளத்தில் விழுந்து கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. உரித்தால் முகம் கிழிந்துவிடும்.

"இஞ்ச உடைஞ்ச கண்ணாடியைத் தடம் தெரியாமல் ஒட்டுவினம் எண்டு சந்தையில சொன்னவை. அதான் வந்தனான்."

எங்கள் பேச்சில் இதுதான் கரைச்சல். பசை பூசிச் சேர்த்தாலும் ஒட்டுவதுதான். நெருப்பில் உருக்கிச் சேர்த்தாலும் ஒட்டுவதுதான். அன்ரி அவருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

"அம்மா, போறணையில வைச்சால் கண்ணாடி ஒட்டும். படம் சாம்பலாப் போயிடும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஸ்ரூடியோவில கொப்பி எடுக்கலாம்தானே, அம்மா?" என்றேன்.

"எடுத்தனான் தம்பி. அது வேற. விடிய எழும்பினால் இதைத்தான் நான் தடவுறது."

கண்ணாடியும் வேண்டும், முகமும் வேண்டும். அன்ரி படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை பூசுகிறவன் சோம்பேறி என்று ஊரெல்லாம் சண்டை பிடித்தவர், என்னைக் கடைக்கு அனுப்பி ஒரு ரியூப் பசை வாங்குவித்தார்.

பழைய ஜன்னல் கண்ணாடியை உருக்கி, படத்தின் அளவுக்கு விளிம்பு உயர்ந்த ஒரு தட்டுச் செய்தார். உடைந்த இரண்டு பாதியையும் படத்தோடு அப்படியே அதற்குள் பசை வைத்துப் பதிக்கலாம் என்பது அவருடைய யோசனை. முதல் தட்டு ஆறும்போதே வெடித்தது. "வேற வகைத் துண்டு ஒண்டு கலந்திட்டுது. நான்தான் கவனிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அடுத்தது தப்பியது. தட்டின் விளிம்பில் பசை பூசி, பாதிகளை மெல்ல மெல்ல உள்ளே இறக்கினார். கொஞ்சம் அழுத்தினாலும் வெடிப்பு முகத்துக்குள் ஓடிவிடும்.

படத்தை விட்டுவிட்டுப் போயிருந்த தாய் திரும்பி வந்தபோது அன்ரி குற்றவாளி போல நின்றார். "கோடு தெரியுது, அம்மா. அதை மறைக்க என்னால ஏலேல்ல."

அந்தத் தாய் உள்ளங்கையால் கண்ணாடியைத் தடவினார். கை கோட்டைத் தாண்டிக் கன்னத்துக்குப் போனது.

"முகத்தில படேல்லைத்தானே. எனக்கு அது காணும்."

பிறகு படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்களிடம் அல்ல, அதனிடம் சொன்னார்: "வா மோனை, வீட்ட போவம்."

அவர் படலையைத் தாண்டியதும் அன்ரி கொட்டிலுக்குள் போய், ஆறிக் கிடந்த போறணையைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி நின்றார். நிற்கிறார், நிற்கிறார், திரும்பவே இல்லை. நான் கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை; அன்ரியின் கன்னம்தான் நனைந்திருந்தது. நானும் அவரோடு சேர்ந்து அந்த வெறும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.