அப்பா, உட்காருங்க!

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், முதியோர் இயக்க மேம்பாட்டுத் துறையைத் தொடங்கி, அதற்கு ஓர் இயக்குநரை நியமித்ததுதான். இயக்குநர் லேசுப்பட்டவர் அல்லர். வயதானவர்கள் உட்கார்ந்தே இருந்தால் உளுத்துப்போவார்கள் என்ற பேருண்மையை, ஏசி அறையில் உட்கார்ந்தபடியே கண்டறிந்த மேதை.

அந்த மேதையைப் பெற்ற புண்ணியவான், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் காலமெல்லாம் நின்றே சம்பாதித்து மகனை நாற்காலியில் உட்கார வைத்தவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். அப்போதும் கால் சும்மா இருக்கவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். மாலையில் தெருமுனை டீக்கடை. அங்கே அவருடைய பழைய டிரைவர் காத்திருப்பார். ஒரு கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு இருவரும் ஊரையே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவார்கள். பெரியவருக்கு அந்த நடைதான் உயிர்.

இதை மகனின் பாசம் பொறுக்குமா?

"நீங்க எதுக்குப்பா மார்க்கெட்டுக்கு? இயக்குநரோட அப்பா கத்திரிக்காய் தூக்கிட்டுப் போறாருன்னு ஊரே சிரிக்கும்" என்று பை பறிக்கப்பட்டது.

"மாமா, தட்டைக் கீழ வைங்க. பாக்குறவங்க உங்களையா பேசுவாங்க? என் மூஞ்சிலதான் காறித் துப்புவாங்க" என்று, சாப்பிட்டுவிட்டு அவர் கழுவ எடுத்துப்போன தட்டை மருமகள் பிடுங்கினாள். செருப்புகூட அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு சாய்வு நாற்காலி வந்தது. பட்டனை அமுக்கினால் முதுகு சாயும், கால் தானாக உயரும்.

"எழுப்பிவிட பட்டன் எதுப்பா?" என்று கேட்டார் பெரியவர்.

"நீங்க ஏம்ப்பா எழுந்திருக்கணும்?" என்றார் இயக்குநர். அவர் கண்கள் பாசத்தில் பனித்தன.

சில நாள் பார்த்துவிட்டு டிரைவர் வீட்டுக்கே வந்தார். "என்னய்யா, ஆளையே காணோம்? வா, ஒரு டீ அடிச்சிட்டு வருவோம்."

"அதுக்கு வெயில்ல போகணுமா ஐயா? இதோ, நானே போட்டுத் தர்றேன்" என்றாள் மருமகள். டீ நாற்காலிக்கே வந்தது. ஏலக்காய் எல்லாம் போட்டிருந்தாள்.

டிரைவர் குடித்து முடித்தார். "டீ அருமையா இருக்கும்மா. ஆனா நான் கூப்பிட்டது டீக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற நேரத்தில் அப்பா எழுந்துவிடுவாரோ என்ற கவலைக்கு விஞ்ஞானம் கை கொடுத்தது. கூடத்து அலமாரி மேல் பேசும் கேமரா ஒன்று பொருத்தப்பட்டது. வீட்டில் எது அசைந்தாலும் இயக்குநரின் போன் அலறும்.

ஒருநாள் துறையில் 'முதியோரை நாற்காலியிலிருந்து எழுப்புவது எப்படி?' என்று உயர்மட்ட ஆலோசனை. பஜ்ஜி இரண்டாம் சுற்று வந்த வேளையில் போன் அலறியது.

"மன்னிக்கணும். வீட்டுல ஒரு அவசரம். அப்பா எழுந்துட்டாரு" என்றார் இயக்குநர்.

கூட்டமே பதறியது. "ஐயையோ! முதல்ல அதைக் கவனிங்க சார்!"

வீட்டில் மழை தூறியது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கலாமென்று பெரியவர் பால்கனிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அலமாரி மேலிருந்து குரல் வந்தது: "அப்பா! எங்க கிளம்பிட்டீங்க?"

"துணி நனையுதுப்பா."

"நனைஞ்சா நனையட்டும். விழுந்து வைக்காதீங்க. அப்பா, உட்காருங்க!"

விசில் கேட்ட பஸ்ஸைப் போலப் பெரியவர் நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். துணி நனைந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் இயக்குநரின் கடமையுணர்ச்சியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேறியது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் குளியலறை முக்காலியிலிருந்து பெரியவரால் எழ முடியவில்லை. சுவரையும் குழாயையும் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தார். பயந்துபோனார். ஆனாலும் மூச்சு விடவில்லை. சொன்னால் குளிப்பதற்கும் ஓர் ஆளைப் போட்டுவிடுவார்களே!

துறையின் ஆண்டு விழா வந்தது. மேடையில் 'எழுந்து நில்லுங்கள் பெரியோரே!' என்று மேடையகலப் பதாகை. அரங்கம் முழுக்க நரைத்த தலைகள், டிரைவரும் வந்திருந்தார். இயக்குநருக்கு அவருடைய துறையே 'தலைசிறந்த மகன்' விருது வழங்கத் தீர்மானித்திருந்தது. வழங்க வேண்டியவர், தலைசிறந்த தகப்பன்.

"அப்பா, எழுந்து வாங்க!" என்று மைக்கில் முழங்கினார் மகன்.

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! முன்வரிசைச் சோபாவில் பெரியவர் இரண்டு கையையும் ஊன்றினார். முழங்கால் நடுங்கியது. பின்வரிசையிலிருந்து டிரைவர் ஓடிவந்து கை கொடுத்தார். "ரைட், ரைட்! எழுந்திருய்யா, போலாம்!" உடம்பு பாதி எழும்பியது, பிறகு பொத்தென்று விழுந்தது.

இயக்குநர் விருதோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். மைக்கைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா இது? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறீங்களே!" என்று பல்லைக் கடித்தார். பிறகு பல்லைக் காட்டியபடி விருதை அப்பாவின் மடியில் வைத்து, மைக்கை அவர் வாயருகே பிடித்தார்.

பெரியவர் விருதை மகன் கையில் கொடுத்தார். "என் பையனைப் போல ஒருத்தன் யாருக்கும் கிடைக்க மாட்டான். எல்லாத்தையும் அவனே பார்த்துக்கிட்டான். என் காலுக்குன்னு ஒரு வேலையைக்கூட மிச்சம் வைக்கல" என்றார். குரல் உடைந்துவிட்டது.

ஆகா, என்ன பாசம்! அரங்கம் நெகிழ்ந்து போனது. நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாப்பா? எல்லாரையும் எழுந்து நிக்க வச்சுட்டேன்!"

சோபாவிலிருந்து பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஆமாப்பா. என்னைத் தவிர."