கணக்கில் வராத மூட்டை

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் விஷயத்தில் மட்டும் மனைவி பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அவள் இல்லாத அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, மிகத் துணிச்சலாக முடிவு செய்தேன்.

எங்களுடையது தலையணை தைக்கும் சின்னக் கம்பெனி. ஆர்டர், கணக்கு, சம்பளம் எல்லாம் அவள் பொறுப்பு. மேற்பார்வை என் பொறுப்பு. மேற்பார்வை என்றால், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிடங்கில் பஞ்சு மூட்டைகள்மேல் போடும் தூக்கம். இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே சுகம் அது.

"தலையில என்னங்க வெள்ளையா?"

"நரை. வயசாகுதில்ல?"

"உதிருதே!"

"கவலைம்மா. கம்பெனிக் கவலை."

நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு விற்பனைக்காரர்கள் வந்தார்கள். முதலாமவர் காட்டியது பில் போடும் சாஃப்ட்வேர், அதற்கொரு சாதாரணக் கம்ப்யூட்டர். இரண்டாமவர் கிடங்கு முழுக்க எடை மேடை போடுகிறேன் என்றார். மூட்டைகளை அதன்மேல் அடுக்கினால் போதும். எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம்.

"முதல்ல காட்டினதே போதுங்க. ரெண்டாவது நமக்கு வேணாம்," என்றாள் மனைவி.

"ஏன் வேணாம்?"

"அதெல்லாம் பெரிய முதலாளிங்க வாங்குறது. உங்களுக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வந்தவர்கள் முன்னால் மீசையில் மண் ஒட்டவிடலாமா?

"இங்க முதலாளி யாரு?"

"நீங்கதான்."

"அப்ப ரெண்டாவதுதான் வாங்குறோம்!"

"நீங்க சொன்னா சரிதாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நானோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மேடை பொருத்திய மறுநாள், ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன். "சரக்கு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினேன். மூட்டைமேல் சாய்ந்ததுதான் தெரியும். செல்போன் அலறியது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கிடங்குல. மூட்டை எண்ணிட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. எண்பத்திரண்டு கிலோ கூடுதலாக் காட்டுது. கணக்குல வராத மூட்டை ஒண்ணு உள்ள கிடக்குது போல. கொஞ்சம் பாருங்க."

பதறிப்போய் மேடையைவிட்டுக் கீழே குதித்தேன்.

"ஆங், இப்ப சரியாயிடுச்சு," என்றாள். "அந்த மூட்டையை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. வரும்போது நரையைத் தட்டிட்டு வரச் சொல்லுங்க."