அவரவர் காரில் அவரவரே

“உங்களுக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே!” என்றாள் அனுசுயா.

காசிநாதன் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“மெதுவா பேசு. பக்கத்து வூட்டுல காதுல வுழுந்துடப் போவுது.”

“பத்து வருஷமா நிக்கிற கார் அவங்க கண்ணுல படலயாக்கும்?”

அரியலூரில் உரக்கடை வைத்திருக்கும் காசிநாதன், பழைய கார் பிரியர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் மொத்தம் ஏழு பேர், ஏழு கார். மாதக் கூட்டம் டவுனில் ஒரு டீக்கடை மாடியில் நடக்கும். நிறுத்த இடமில்லை என்று எல்லாரும் நடந்தே வந்துவிடுவார்கள். அந்த மாடியில் காசிநாதன் இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடையில் அவர் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். அந்த மாடியில் மட்டும்தான் அவர் காசிநாதன் சார்.

மாமனார் கொடுத்த வெள்ளை அம்பாசடரை அவர் முதலும் கடைசியுமாக ஓட்டியது பத்து வருஷத்துக்கு முன்னால். குரும்பலூரில் ஒரு சொந்தக்காரர் வெங்காயம் சேமித்து வைத்திருந்த பட்டறைக்குள் நேராகக் கொண்டுபோய்ச் செருகினார். காரிலிருந்து சின்ன வெங்காய வாடை போக ஆறு மாதம் ஆயிற்று. அவருக்குள்ளிருந்து பயம் போகவே இல்லை. அதற்குப் பிறகு காரைத் துடைப்பது, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பார்ப்பது, அதோடு சரி.

போன வாரம்தான் வினை வந்தது. மைதானத்தில் திரை கட்டி கார் ரேஸ் படம் போடலாம் என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. “நாற்காலி போட்டுடலாமா?” என்று யாரோ கேட்டார்கள். காசிநாதனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

“கார் சங்கத்துக்கு நாற்காலி எதுக்குங்க? அவங்கவங்க காரை அவங்கவங்களே ஓட்டிட்டு வரணும். கார்லயே உக்காந்து பாக்கணும்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பலமாகக் கை தட்டினார்கள்.

“பேசாம நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டிருக்கலாம்” என்றாள் அனுசுயா. “இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“ஆக்டிங் டிரைவர் ஒருத்தனைப் புடிச்சிருக்கேன். செந்தில்குமாருன்னு பேரு. கொண்டுபோய் நிறுத்திட்டு நழுவிடுவான். படம் முடிஞ்சதும் எட்டரைக்கு வருவான். வேற யாருக்கும் தெரியாது.”

“படம் ஆறு மணிக்குத்தானே?”

“ஆமா. ஆனா ரெண்டு மணிக்கு வுட்டா அவனுக்கு அன்னைக்கு நேரமே இல்லையாம். காலையிலேருந்து ஒரே சவாரியாம்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அம்பாசடர் மைதானத்தை நெருங்கியது. காலி மைதானத்தை எதிர்பார்த்து வந்த காசிநாதன் கண்ணில் ஆறு கார்களும் வரிசையாகப் பட்டன. கொளுத்துகிற வெயிலில் ஆறு பேரும் அவரவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“போச்சு, பாத்துட்டாங்க” என்று சீட்டுக்கடியில் சரிந்தார்.

பார்க்கவில்லை. அம்பாசடர் உள்ளே நுழைந்ததும் என்ன மாயமோ, ஆறு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டன. ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் டாஷ்போர்டைத் துடைத்தார். தலைவர் வைத்திலிங்கம் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து தூங்கியேவிட்டார். அந்த நேரத்தில் செந்தில்குமார் இறங்கி நழுவ, காசிநாதன் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தார். பின்சீட்டிலிருந்த அனுசுயா முறுக்கு டப்பாவோடு முன்னால் வந்து அமர்ந்தாள்.

தலைவர் உடனே கண் விழித்து, வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

“என்ன காசிநாதன், இவ்வளவு சீக்கிரம்?”

நீங்கள் ஏன் சீக்கிரம் என்று திருப்பிக் கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். காசிநாதன் வாய் சும்மா இருக்கவில்லை.

“ரேஸ் ஓட்டுனவன் பாருங்க தலைவரே. டிராக்கை நாலு மணி நேரம் முன்னாடியே வந்து பாத்துடணும். பழக்கம்.”

“ரேஸ் ஓட்டிருக்கீங்களா!”

“சின்ன வயசுல. ஏதோ கொஞ்சம்.”

அனுசுயா முறுக்கைக் கடித்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது.

ஐந்தரை மணிக்கு, கார்களுக்குப் பின்னால் ஊர் ஜனமும் கூடியிருக்க, மைக்கில் தலைவரின் குரல் முழங்கியது. “படம் முடிஞ்சதும் நம்ம செயலாளர், முன்னாள் ரேஸ் வீரர் காசிநாதன், தன்னோட கார்ல மைதானத்தை மூணு சுத்து சுத்திக் காட்டுவார்!”

காசிநாதன் ஓடினார். “தலைவரே, நீங்க இருக்கும்போது நான் முந்தறதா? முதல் சுத்து நீங்கதான்.”

வைத்திலிங்கத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. “எனக்குக் கண்ணுல சொட்டு மருந்து வுட்டிருக்கு. சிந்தாமணி டீச்சர் ஓட்டட்டுமே.”

“பட்டுப்புடவை தடுக்குங்க” என்றார் சிந்தாமணி டீச்சர். “அடுத்த கார்க்காரரைக் கேளுங்க.”

அடுத்தவருக்கு முழங்கால் வலி. அதற்கடுத்தவருக்கு நல்ல நேரம் தாண்டிவிட்டது. சுற்றி வந்த கௌரவம் மறுபடி காசிநாதன் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

‘என்ன ஒரு பெருந்தன்மை! இவங்களப் போயி ஏமாத்துறோமே’ என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

படம் ஆரம்பித்தது. படம் முடிந்ததும் வயிற்றுவலி என்று படுத்துவிடலாம் என முடிவு செய்ததும் அவருக்கு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் படத்தில் மனம் போயிற்று. கடைசி ரேஸில் கதாநாயகன் கியரை மாற்றினான். காசிநாதனும் மாற்றினார். அவன் ஏதோ ஒரு லீவரைத் தட்டிவிட்டான். இவரும் கைக்கு அகப்பட்டதைத் தட்டிவிட்டார். அது ஹேண்ட் பிரேக்.

மைதானம் வாசல் பக்கமாகச் சரிவு. திரை கட்டியிருந்ததும் வாசலை ஒட்டித்தான்.

“என்னங்க, நாம போறோம்” என்றாள் அனுசுயா.

“படம் அவ்வளவு தத்ரூபமா எடுத்திருக்கான்.”

“படம் இல்லீங்க, நாமதான் போறோம்!”

காசிநாதன் காலால் துழாவினார். பத்து வருஷத்துக்கு முன்னால் பிரேக் எந்தப் பக்கம் இருந்தது என்பது நினைவுக்கு வரவில்லை. கைக்கு ஹாரன்தான் கிடைத்தது. அதை விடாமல் அழுத்தினார்.

“ஆரம்பிச்சுட்டாருய்யா! இன்ஜின் சத்தமே கேக்கல, என்ன லாவகம்!” என்று தலைவர் மைக்கில் கத்த, மைதானமே கை தட்டியது.

ஆடு நடக்கும் வேகத்தில் அம்பாசடர் திரைக்குள் நுழைந்தது. மூங்கில் கழி முறிந்து, வெள்ளைத் துணி காரைப் போர்த்திக்கொண்டது. அனுசுயா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு கார் குறுக்கே நின்றது. புரொஜக்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் அம்பாசடரின் டிக்கி மேல் கோப்பை வாங்கினான்.

கூட்டம் கூடிவிட்டது.

“பிரமாதம் சார்! இப்ப கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்குங்க. வண்டியெல்லாம் வெளியில போவணும்” என்றார் வைத்திலிங்கம்.

துணியை விலக்கிக்கொண்டு காசிநாதன் இறங்கினார். வயிற்றுவலி, கிளட்ச் வயர், கண் மருந்து என்று சாக்குகள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. அனுசுயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்க முடியாதுங்க” என்றார். “எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரேஸும் ஓட்டுனதில்ல. இன்னைக்குக் கூட டிரைவர் வச்சுத்தான் கொண்டாந்தேன். நீங்க எல்லாம் என்மேல வச்சிருந்த மதிப்புக்கு... மன்னிச்சுடுங்க.”

அவருக்கு மனசு இலேசாக இருந்தது. அந்தச் சுகம் பத்து விநாடிதான் நீடித்தது.

“டிரைவர் வச்சா?” என்று வைத்திலிங்கம் நெஞ்சில் கை வைத்தார். “கார் ஓட்டத் தெரியாதவர் கார் சங்கத்துல செயலாளரா? நம்ம மானமே போச்சு!”

“இத்தன நாளா எங்க முகத்தப் பாத்து எப்படிப் பேசுனீங்க?” என்றார் சிந்தாமணி டீச்சர்.

முழங்கால் வலிக்காரர் மூக்கை உறிஞ்சினார். “நாளைக்கே கூட்டம் போட்டு நீக்கணும். இவரு காரை எடுக்கறதுக்கு நம்மள்ல யாராச்சும்...” என்று தொடங்கியவர், எதையோ நினைத்துக்கொண்டு சட்டென்று நிறுத்திவிட்டார்.

காசிநாதன் தலை குனிந்து நின்றார். அவமானத்தில் காது எரிந்தது. அனுசுயா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக எட்டரைக்கு, ஆள் நுழையும் அளவே இருந்த இடைவெளி வழியாகச் செந்தில்குமார் உள்ளே வந்தான். அவனைக் கண்டதும் ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தார்கள். குறுக்கே நின்ற அம்பாசடரை அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நேராக வைத்திலிங்கத்தின் முன்னால் பணிவாக நின்றான்.

“தலைவரே, காலையில உங்க வண்டியத்தான் முதல்ல கொண்டாந்தேன், இல்லேங்கல, ஆனா வாசல்ல நிக்கிற இதை எடுத்தாத்தான் உங்க ஆறு பேரு வண்டியையும் ஒண்ணொண்ணா வூட்டுல கொண்டுபோய் வுட முடியும், பரவாயில்லீங்களா?”