முன் சீட்டுக்காக லெமூரும் கொம்பன் சுறாவும் பொருதது

முழங்கால் வீங்கியும் முதுகு வளையாத மாவீரன் சிவேரியே, வாழ்க! தூலியாராக் கடலில் இருபதாண்டு வலைவீசிய வன்தோள்களே, வாழ்க! அவனை எதிர்த்தவன் காட்டு வழிகாட்டி எஃபித்ரா, வண்டி ஏறினாலே குமட்டும் வயிற்றுக்கு உரியவன். அவனும் ஓர் ஓரமாக வாழ்க!

அம்பனிஹி செல்லும் வேனில், ஓட்டுநர் அருகே, ஒரே ஓர் அரியணை எஞ்சியிருந்தது. மற்ற இடமெல்லாம் பின்வரிசைதான்: நால்வர் இடத்தில் அறுவர், திறக்காத ஜன்னல். இருவரும் ஒரே கணத்தில் கதவைப் பற்றினர். “காடோ கடலோ, எவன் மிருகம் பெருசோ அவன் முன்னால உட்காரட்டும். பேசுங்க” என்று தீர்ப்பளித்துவிட்டு ஓட்டுநர் டயரை உதைக்கப் போனார். பேச்சென்றால் சோற்றை மறக்கும் நாடு இது. பயணிகள் இறங்கி வட்டமிட்டனர்.

தொண்டையைச் செருமி, தொப்பியைக் கழற்றி, முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்டு, முழங்கினான் எஃபித்ரா: “எங்க வளையவால் லெமூர் வாலுல நாத்தத்தைத் தடவி எதிரி மூஞ்சியில வீசும். அதுலயே ஓடிருவான். கூட்டத்துக்கு ராணி பொம்பளைதான். அவ வந்து நின்னா எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் இடத்தை விட்டு எந்திரிக்கணும். இந்த ஒழுங்கு உன் மீனுக்கு உண்டா அண்ணே?”

“நாத்தம்தான் வீரம்னா என் கருவாட்டுச் சாக்கு சக்கரவர்த்திடா தம்பி!” என்று கடலெனப் பொங்கினான் சிவேரி. “கொம்பன் சுறாவுக்கு ரெண்டு கொம்பு, கொம்புக்கு ஒரு கண்ணு. உன் குரங்கு அதுக்கு ஒரு வாய். நீளம் தெரியுமா? இங்கேருந்து அதோ…”

கொம்பன் சுறா கடைசியாக அவன் வலையில் விழுந்து ஏழாண்டாயிற்று. எஃபித்ராவின் லெமூர்களோ விடுதி வாசலில் வாழைப்பழத்துக்குக் கை நீட்டுகின்றன. இருவருமே சொல்லாததை நாமும் சொல்லவேண்டாம்.

ஐயகோ! ‘அதோ’ என்று சிவேரி நீட்டிய விரல், மேட்டில் எருதுக்கொம்பு அடுக்கிய முன்னோர் கல்லறைக்கு நேரே நின்றது. விரலை மடக்கியல்லவா அதைச் சுட்டவேண்டும்! “கடி, கடி!” என்று அலறியது கூட்டம். கல்லறை மறையும்வரை விரலைப் பல்லில் வைத்தாக வேண்டும்; விரல் வாய்க்குள் போனது, வீரவுரை அங்கேயே நின்றது.

வெற்றித்திருமகன் எஃபித்ரா அரியணை ஏறினான். அப்போது கருவாட்டுக் கூடையோடு வேன் வாசலில் வந்து நின்றார் வியாபாரி அம்மாள் வோலாசோவா.

“ராணி வந்து நின்னா என்ன செய்யணும்னு சொன்னே, தம்பி?”

எஃபித்ரா கூட்டத்தைப் பார்த்தான். ஒருவரும் உதவவில்லை. எழுந்து பின்னால் போய், விரல் கடித்த சிவேரியின் வீங்கிய முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தான்.