நூற்றுப் பதினேழாவது சான்று

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நூற்றுப் பதினேழாவது சான்று, என் மகளின் காதணி விழா அழைப்பிதழ். அதைச் சேர்த்தது நான்தான். தெரியாமல் சேர்த்தேன் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் என்னை இன்னும் மட்டமாகப் பார்க்கிறார்கள்.

தேனியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டே ஒன்பது வருடம் பகுதிநேரமாக ஆய்வு செய்தவன் நான். தலைப்பு, கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களின் சமூக வரலாறு. (நான் ஆரம்பித்தபோது நட்ட கொடி காய்த்து ஓய்ந்து, அதைப் பிடுங்கிவிட்டு வேறு கொடியும் வைத்துவிட்டார்கள். நான் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தேன்.) கடைசியில் பல்கலைக்கழகம் கெடு வைத்தது. அந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எழுதியதைப் பார்த்த நெறியாளர் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "சான்று அறுபத்தொண்ணுதான் இருக்கு. ஒன்பது வருஷமா என்ன படிச்சீங்க?"

படித்தேன். குறித்துவைக்கத்தான் இல்லை.

வழி சொன்னவர் கணினித் துறை செல்வி. நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்து, கேட்டால் ஒரே சொடுக்கில் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள் இருக்கிறதாம். இப்போது அதற்குத் துணையாகத் தானியங்கிக் கருவி ஒன்றும் வந்திருக்கிறதாம். கோப்பைக் கொடுத்தால் போதும். ஆசிரியர் யார், தலைப்பு என்ன, எங்கே வெளியானது என்று அதுவே படித்துப் பிரித்து உள்ளே ஏற்றிவிடும். "பத்துப் பத்தா போடுங்க சார். ஏத்துனதும் ஒவ்வொண்ணா சரிபாத்துருங்க" என்றார்.

பத்துப் பத்தாகப் போட நான் என்ன திராட்சைக் கொடிக்குப் பதியனா போடுகிறேன்? என் லேப்டாப்பில் 'முக்கியம்' என்று ஒரே ஒரு ஃபோல்டர். அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விசேஷ வீட்டுக்காரர்கள் அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அடுத்த நிமிடமே போன் வரும், "பாத்தீகளா, பேரெல்லாம் சரியா இருக்கா?" என்று. அதை அழித்தால் உறவையே அழித்த மாதிரி. ஆகவே, வந்த அழைப்பிதழ், நாங்கள் அனுப்பிய அழைப்பிதழ் அத்தனையும் 'முக்கியம்' ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. அவற்றின் அமைப்பையும் யோசித்துப் பாருங்கள். மேலே பட்டங்களோடு பத்துப் பதினைந்து பெயர்கள், நடுவில் கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே ஊர், இடம், நாள். இதைவிட ஒழுங்கான ஆய்வுக்கட்டுரை ஓர் இயந்திரத்துக்கு எங்கே கிடைக்கும்?

திரும்பி வந்தபோது சான்றுகள் நூற்று நாற்பத்தாறு ஆகியிருந்தன. என் அறிவு இத்தனை பரந்தது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. சரிபார்ப்பதா? படித்தவனுக்குத் தெரியாதா என்ன படித்தான் என்று? ஆறு பிரதி எடுத்து பைண்டிங்கும் போட்டாயிற்று. எண்ணிக்கையைப் பார்த்த நெறியாளர், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பொது வாய்மொழித் தேர்வு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விசேஷம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து வேன் வைத்து வந்துவிட்டார்கள். கூட்டி வந்தவர் என் மனைவியின் அண்ணன் சின்னச்சாமி மச்சான். திராட்சைத் தோட்டக்காரர். ஒன்பது வருடமும் அவர் தோட்டத்துப் பழத்தைத்தான் தின்றேன். (களப்பணி.)

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசிப் பக்கங்களில், சான்றுப் பட்டியலில் ஓரிடத்தில் விரலை வைத்தார். அவர் சரி என்று எழுதினால்தான் பட்டம்.

"நூற்றுப் பதினேழாவது சான்று. நேரில் பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காமல் போடுவேனா ஐயா? என் ஆய்வுக்கு அடித்தளமே அதுதான்."

"எந்த அத்தியாயத்துக்கு?"

"மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார். முதல் ஆசிரியர் என் அப்பா. இரண்டாம் ஆசிரியர் என் அம்மா. மூன்றாவது நான், எம்.ஏ., எம்.ஃபில். அதற்குப் பின் 'மற்றும் பலர்'. தலைப்பு, காதணி விழா. வெளியீடு, கல்யாண மண்டபம், காமயகவுண்டன்பட்டி.

நெறியாளர் அம்மா மின்விசிறியைப் பார்த்தார். செல்வி குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்பது வருடமும் ஒரு மண்டபத்தில் போய் முடிந்ததென்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்.

"ஐயா, அதுல என் பேரு எங்கன இருக்கு?" மச்சான்.

தேர்வாளர் மறுபடி பார்த்தார். "நீங்க யாரு?"

"பிள்ளைக்குத் தாய்மாமன். என் மடியில வச்சுத்தான் காது குத்துனாக."

"அப்ப நீங்க 'மற்றும் பலர்'ல வருவீங்க" என்றார் அவர், முழு மரியாதையோடு.

அரங்கம் சிரித்ததில் தேர்வாளரும் கலந்துகொண்டார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. திராட்சை பற்றிக் கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னேன், பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். ஒரு நிபந்தனை: பதினைந்து நாளில் அழைப்பிதழ்கள் அனைத்தும் வெளியேற வேண்டும். எண்ணிப் பார்த்ததில் இருபத்து மூன்று இருந்தன. கல்யாணங்களும் காதணி விழாவும் போக, இரண்டு புதுமனை புகுவிழா, கிறித்தவ நண்பர் வீட்டுப் புதுநன்மை விருந்து ஒன்று.

வேன் கிளம்பும் முன் மச்சானிடம் போய், நான் இனி முனைவர் என்ற தோரணையில் விளக்கினேன். "ஆளு மூணுக்கு மேல போனா மத்தவுகள அப்படித்தான் மச்சான் போடணும். உலகம் பூராம் அதுதான் முறை." அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். என் மகள் இன்றைக்கும் வீட்டில் யார் யார் சாப்பிட வேண்டும் என்று கேட்டால், "அம்மா, நான், மற்றும் பலர்" என்கிறாள்.

அடுத்த தை மாதம் மச்சான் மகனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் பெரிதாக்கினேன். அத்தை என்று என் மனைவி பெயர் இருந்தது. அவள் தங்கைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குக் கீழே இரண்டே இரண்டு சொற்கள்.

வழக்கப்படி அடுத்த நிமிடம் போன் வந்தது.

"பாத்தீகளா மாப்ள?"

"பாத்தேன் மச்சான். என் பேரு…"

"ஆளு மூணுக்கு மேல போயிருச்சு மாப்ள. உலகம் பூராம் அதுதான முறைன்னீக?"