சார்ஜ் வரிசையில ஏழு கல்லு

போன்ல நாலு பர்சன்ட் சார்ஜ் காட்டினாலே பெத்த பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுற பயலுங்களா, செத்த நேரம் அதைக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க.

ஒரு காட்டில் கதிரேசன்னு ஒரு ஆமை. அன்னைக்கு அவனுக்குக் கல்யாணம். "பத்தரைக்குள்ள தாலியோட மண்டபத்துல இருக்கணும். இல்லேன்னா பொண்ணை உடும்புக்குக் குடுத்துருவேன்"னு மாமனார் கறாரா சொல்லிட்டார். அந்த ரோஷத்துலதான் கதிரேசன் கரண்டு ஸ்கூட்டரே எடுத்தான். "ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் சார்"னு ஷோரூம் நரி சொல்லுச்சு. அது இறக்கத்துல, ஆள் உட்காராம ஓட்டினா. கதிரேசனுக்கு நாப்பதுலயே படுத்துருச்சு.

நல்லவேளை, எதுத்தாப்லயே சார்ஜ் பாயின்ட். காட்டுக்கே அது ஒண்ணுதான். போய்ப் பாத்தா ஒரு வண்டி இல்ல. வரிசையா ஏழு கல்லு.

"மெஷின் சும்மாதானே இருக்கு, போடுப்பா"ன்னான், அங்க வேலை பாத்த குரங்குகிட்ட.

"எல்லாக் கல்லுக்கும் ஆள் இருக்குண்ணே. டீ குடிக்கப் போயிருப்பாங்க. முதல் கல்லுக்காரர் வரட்டும்."

"எனக்கு இன்னைக்குக் கல்யாணம்டா!"

"அதுக்குக் கல்லு என்னண்ணே பண்ணும்?"

கதிரேசன் வண்டியை நிழல்ல விட்டுட்டு எட்டாவதா போய் நின்னான். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. தலையையும் காலையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டான்.

குரங்கு ஒரு ரவுண்டு வந்துச்சு. "யாத்தே, இவ்ளோ பெரிய கல்லா! தலைவர் யானையோடதா இருக்கும். இதைப் போயி கடைசில வெச்சிருக்கானுங்களே!" அலுங்காம தூக்கி வரிசையில முதல்ல வெச்சுருச்சு.

கதிரேசனுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. தலையை வெளிய நீட்டல. உள்ள இருந்தே கட்டைக் குரல்ல, "நிழல்ல நிக்கிற வண்டிக்குப் போடு"ன்னான்.

"இதோ போட்டுர்றேன் ஐயா!" குரங்கு ஓடுச்சு. கல்லு பேசுதேன்னு அதுக்குச் சந்தேகமே வரல. தலைவரோட கல்லுன்னா பேசத்தானே செய்யும்!

முப்பது பர்சன்ட் ஏறினதும், குரங்கு அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்துக் கிளப்பினான் வண்டியை. பத்து இருபத்தெட்டுக்கு மண்டபத்துல இறங்கிட்டான். உள்ள நாதஸ்வரக்காரர் கொக்கு மட்டும் ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு இருந்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எங்கண்ணே?"

"இப்பத்தான் உங்க மாமனார் போன் பண்ணாரு மாப்ள. அவங்களும் கரண்டு வண்டிதானாம். சார்ஜ் பாயின்ட்ல நிக்கிறாங்களாம். முன்னாடி ஏழு கல்லாம்."

நீதி: கரண்டு வண்டி வாங்குறதுக்கு முன்னாடி, கனமா ஒரு கல்லு பாத்து வாங்கி வெச்சுக்கங்க.

அந்த ஏழு கல்லும் நான் வெச்சதுதான். எங்கிட்ட சைக்கிள்கூட இல்ல.