கஜேந்திரன் மருந்து காத்த படலம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கிச் சரியும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில், பௌர்ணமி விடுமுறையின் பிற்பகற் பொழுதில், அப்பெருஞ்சமரைக் காணக் கூடியிருந்தோரும் அவர்தம் ஆசனங்களும் வருமாறு. நீள்சோபாவின் நட்டநடுவே, மடிமேல் தலையணையும் தலையணைமேல் கொன்ட்ரோலரும் ஏந்தி, கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கந்தோரொன்றின் எழுதுவினைஞன் கஜேந்திரன். அவனுக்கு இடப்புறம், சாப்பாட்டு மேசைக் கதிரையொன்றை இழுத்துப் போட்டு, பயற்றங்காய் முறிக்கும் தட்டத்தோடு அவன் மனையாள் துஷ்யந்தி. வாசலை அண்டிய பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காதவளாய், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஷெரோமி. எதிர்ச்சுவரில், நாற்பது அங்குலத் தொலைக்காட்சித் திரையில், அண்டசராசரம்.

வாழி கஜேந்திரன்! கோப்புக் கடல் கடைந்தவன் வாழி. ஓடும் பஸ்ஸின் ஜன்னலூடே கைக்குட்டை எறிந்து ஆசனம் வென்றவன் வாழி. பிஸ்கட் பெட்டியில் ஒன்று உடைந்திருந்தாலும் கம்பனிக்குப் பந்தி பிரித்துக் கடிதம் வரையும் நடுநிலை நெஞ்சினன் நீடு வாழி!

போர் மூண்ட காரணம் புகல்வாம். ஷெரோமியின் தமையன் அனுஜன், வீட்டுப் பின்னறையில் தன்னந்தனியனாய்ப் பல்லாண்டு தவமிருந்து, 'நட்சத்திரத் துறைமுகம்' எனும் கணினி விளையாட்டைப் படைத்திருந்தான். விண்கல மாலுமியும் வைத்தியையும் வாயாடி ரோபோவும் கோள்விட்டுக் கோள் தாவும் கதை அது. அதை நண்பர் பலருக்கும் கொடுத்தான். எல்லோரும் வாட்ஸப்பில் பெருவிரல் உயர்த்தினர்; ஒருவரும் முடிவைக் கண்டாரில்லை. மனமுடைந்த அனுஜன் சூளுரைத்தான்: பிஸ்கட்டுக்கும் பந்தி பிரித்து எழுதும் நண்பன் கஜேந்திரன் அதை முடித்து மெய்யான கடிதமொன்று எழுதினால் விளையாட்டை உலகுக்கு விடுவான்; இல்லையேல் நாளைக் காலை அதனை அடியோடு அழித்துவிட்டு, கப்பல் வேலைக்குச் சம்மதம் சொல்வான். அந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோகவே தங்கை வந்து அமர்ந்திருந்தாள்.

ஆகா, அவ்விளையாட்டின் மாண்பை என்னென்பது! இக்காலத்து விளையாட்டுகள் வீரனின் மூக்குமயிரையும் பிரித்துக் காட்டிப் பெருமை கொள்ள, இதுவோ முற்காலத்துக் காசுபோட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளின் வழிநின்று, எண்ணிவிடத்தக்க சதுரப் புள்ளிகளால் ஒரு முழு வானத்தைக் கட்டிவிட்டது. நான்கு ஒலிகளே கொண்ட அதன் இசை துஷ்யந்தியையும் அறியாமல் அவள் வாயில் ஏறிக்கொண்டது. துருவேறிய பாரந்தூக்கிகள் நிற்கும் கோளொன்றில், சம்பள உயர்வு கேட்டுக் குந்தியிருக்கும் ரோபோக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய்த்துடுக்கு வாய்த்திருந்தது.

குறைகளோ, அவையும் பெருஞ்சேனையாய் அணிவகுத்து வந்தன. மூன்றடி நடந்தால் ஒரு பேய். அதைக் கொன்று மூன்றடி நடந்தால் அதன் மச்சான். கலியாணப் பந்தியில் 'நீங்க இருங்கோ, இல்லை நீங்க இருங்கோ' என்பார் போல, பகைவரும் நம்மவரும் முறைவைத்து ஒருவரையொருவர் அடிக்கும் அந்தச் சாவதானப் போர்முறை. எல்லாவற்றினும் கொடிது, ஆடிய தூரத்தைச் சேமிக்கக் கலங்கரை விளக்கத்துக்கே போகவேண்டும் என்ற விதி. அவ்விளக்கங்களோ, அவசரத்துக்குத் தேடும் ஓட்டோவைப் போல, வேண்டியவிடத்தில் ஒன்றும் நில்லா.

இவ்வளவையும் கடந்து, கடைசிக் கோளில், இரும்புவாய் வேந்தன் எனும் பல்சக்கரப் பகைவனின் முன் நின்றான் நம் வீரன். வேந்தன் வாய் திறந்தான். கரையோர ரயில் போகையில் அவ்வீட்டு யன்னல்கள் அதிர்வதுபோல் மாலுமி அதிர்ந்தான், வைத்தியை சாய்ந்தாள், ரோபோ ஒரு பகிடி விட்டு மாண்டது. திரை கறுத்தது. பின்னுள்ள கலங்கரை விளக்கத்திலிருந்து மீண்டும் நடந்தான், மீண்டும் மாண்டான். மூன்றாம் முறையும் அவ்வாறே ஆயிற்று.

இத்தனைக்கும் அவன் மூட்டையில் மருந்து இல்லாமலில்லை. முதற்கோள் தொட்டுப் பொறுக்கிய மருந்துப் புட்டிகளும் குளிகைகளும் அடுக்கடுக்காய், ஒன்றும் தொடாமல், முத்திரை குலையாமல் கிடந்தன. ஒவ்வொரு முறை உயிர் தொண்டைக்குழியில் நிற்கும்போதும் மூட்டையைத் திறப்பான், பார்ப்பான், பெரிய அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மூடுவான். கலியாணத்துக்கு வந்த கிண்ணக்கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரியில் விலைச்சீட்டோடு வைத்துப் பூட்டி, வருவோர்க்கெல்லாம் காதுடைந்த கோப்பையில் தேநீர் ஊற்றும் குலத்தில் உதித்தவன் வேறென் செய்வான்?

பயற்றங்காயை நிறுத்தினாள் துஷ்யந்தி.

"இஞ்சாருங்கோ, அந்த மருந்தில ரெண்டைக் குடியுங்கோவன்."

"அவசரத்துக்கு வேணும்."

"செத்துப்போனீங்களப்பா. மூண்டு தரம். இதுக்கு மேல என்ன அவசரம் வரப்போகுது?"

வீரன் மூட்டையைத் திறந்தான், எண்ணினான், மூடினான். அப்போது, அதுவரை வாய் திறவாத ஷெரோமி தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"கஜன் அண்ணா, ஒவ்வொரு மருந்துக்கும் அண்ணன் ஒரு படம் கீறி, ஒரு வரி எழுதி வச்சிருக்கார். அதுக்குத்தான் கூடநாள் போனது. இதுவரைக்கும் ஒருத்தரும் திறந்து பார்க்கல்ல."

அவ்வுரை நூறு கணையினும் கூரியதாய்த் தைத்தது. பெருவிரல் உயர்த்திய அத்தனை பேரும், ஆங்காங்கே தத்தம் வீடுகளில், நிறைமூட்டையோடு மாண்டு கிடந்த கோலம் கஜேந்திரனின் அகக்கண்ணில் விரிந்தது. நாலாம் முறையாக வேந்தன் முன் சென்றான். வேந்தன் வாய் திறந்தான். வீரன், குலவழக்கம் அனைத்தையும் மீறி, முதற்புட்டியை உடைத்தான்.

திரையில் சின்னஞ்சிறு கட்டங்களால் ஒரு ரோபோத் தாய் தோன்றினாள். 'அம்மா தந்துவிட்டது, குலுக்கிக் குடிக்கவும்' என்றிருந்தது வரி. துஷ்யந்தி சிரித்தாள். மாலுமி எழுந்தான். இரண்டாம் புட்டியில் புகைபோக்கியில் நித்திரைகொள்ளும் ஒரு கடற்காகம். மூன்றாவதில் இரவுநேரத்துக் கப்பல்துறை. அதன் படியில், வேலைவிட்டு வரும் ஒரு பெண், கையில் மீன்பணிஸ் சுற்றிய கடுதாசிச் சுருள். 'தங்கச்சியின் மாலுபணிஸ், ஆறுமுன் உண்க. உயிர் முழுவதும் திரும்பும்.'

ஷெரோமி கைப்பையைத் திறந்து எதையோ தேடுபவள்போல் அதற்குள் குனிந்துகொண்டாள், நெடுநேரம் நிமிரவில்லை.

பின்னர் நிகழ்ந்ததைப் பாட ஆயிரம் நா போதா. ஊதாரியானான் கஜேந்திரன், வேண்டியதற்கும் குடித்தான், வேண்டாததற்கும் குடித்தான், காயமே படாத ரோபோவுக்கும் குளிகை கொடுத்துப் படம் பார்த்தான், துஷ்யந்தி தட்டத்தைத் தரையில் வைத்துவிட்டு, அடுத்ததைத் திறக்கும்படி ஆணையிட்டவண்ணம் சோபாவில் ஏறிக்கொண்டாள். கடைசிப் புட்டி உடைந்த கணத்தில் இரும்புவாய் வேந்தன், பல்சக்கரம் பல்சக்கரமாய்க் கழன்று, மண்ணில் வீழ்ந்தான்.

வென்றவன் களம் விட்டெழுந்து, கோடிட்ட தாள் எடுத்து, அன்புள்ள அனுஜனுக்கு எனத் தொடங்கித் தீர்ப்பு வரைந்தான். பேய்கள் பாதியாகுக என்றான். கலங்கரை விளக்கங்கள் இரட்டிப்பாகுக என்றான். இசையைத் தொடவேண்டாம், தொட்டால் துஷ்யந்தி நேரில் வருவாள் என்று எச்சரித்தான். ஈற்றில், மையை அழுத்தி, இதை எழுதினான்:

'உம்முடைய விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி மருந்து மூட்டைக்குள் இருக்கிறது. முதற்கோளிலேயே ஒரு புட்டியைக் கட்டாயமாகக் குடிக்க வையும். நாங்கள் தானாகக் குடிக்கிற சனம் இல்லை. முடித்துவிட்டேன். வெளியில் விடும்.'

மடித்தான், உறையிலிட்டான், பசை காய்ந்திருக்கக் கண்டு, பகற்சோற்றின் பருக்கையொன்றால், பேரரசர் அரக்குமுத்திரை பதித்தாற்போல் அழுத்தி ஒட்டினான். அண்டம் காத்த அவ்வோலையை இருகரம் நீட்டி ஏற்றாள் கொட்டாஞ்சேனைக் கோமகள்.

அன்றைக்குத் தபாற்கந்தோர் பூட்டு, திறந்திருந்தாலும் விடியமுன் போய்ச்சேராது என்றபடியால், அவள் அதைக் கையில் கொண்டு கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறிப் போனாள்.